குறுக்கு கூடக் கூடாது

அவள் அந்த நாடாவைத் தொடவேயில்லை.

பாவாடை நாடாதான். இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்து வளையமாக்கி, கன்னாபின்னாவென்று சுற்றி, அவள் மேசைமேல் வைத்துவிட்டு நார்வேக்கு விமானம் ஏறியிருந்தான் வளவன். கணவன். அவளைப் போலவே முடிச்சுகளின் கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறவன்.

"இதுல முடிச்சே இல்ல. வெறும் வட்டந்தான். பிரிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கையால் இழுத்தால் தெரிந்துவிடும். ஆனால் அது அவன் விரல்கள் சுற்றிய சுற்று. கலைக்க மனசு வரவில்லை.

படம் எடுத்தாள். நாடா தன்மேலேயே ஏறிப்போகும் குறுக்குகளை ஒவ்வொன்றாகக் கணினிக்குச் சொன்னாள். அவள் எழுதிய நிரல் எங்கும் வெட்டாமல், நகர்த்தி நகர்த்தியே சிக்கலை வட்டமாக்கப் பார்க்கும்.

ஓடியது. பாதியில் நின்றது. இதற்குமேல் பிரியாது என்றது.

அப்படியென்றால் முடிச்சுதான். போகிற போக்கிலும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவளுக்கு அழுகை வந்தது.

ஞாயிறுதோறும் கூப்பிடுவான். சாப்பிட்டாயா என்பான். சாப்பிட்டேன் என்பாள். அங்கே பனி, இங்கே வெயில். அதற்குமேல் இருவருமே வாய் திறப்பதில்லை. திறந்தால் சண்டை வரும்.

அவன் வைத்தபிறகும் போனைக் காதிலேயே வைத்திருப்பாள். அவன் குரல் வேண்டும். இன்னும் கொஞ்சம் வேண்டும்.

ஆய்வகத்தில் பக்கத்து மேசை ரெஜினா திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, ஒரு குறுக்கும் கூடக் கூடாதுன்னு நீயே எழுதி வச்சிட்டு, பிரியலன்னு அழுதா எப்படி?"

உண்மைதான். குறைக்கிற நகர்வுகளை மட்டுமே அனுமதித்திருந்தாள். பயந்த சுபாவம் நிரலிலும் வந்துவிட்டது.

அந்த வரியை அழித்தாள்.

குறுக்குகள் கூடின. மேலும் கூடின. இருந்ததைவிடப் படுமோசம். நிறுத்திவிடலாமா என்று கை போனது.

நிறுத்தவில்லை.

ஒரு சுற்று புரண்டு இன்னொன்றைத் தாண்டியது. அப்புறம் எல்லாம் மளமளவென்று குறைந்தன.

வட்டம்.

அவன் பொய் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"சாப்ட்டியா?"

"இல்ல. போறப்ப, நீயும் வர்றியான்னு ஒரு வார்த்தை ஏன் கேக்கல?"

வைத்துவிடுவான் என்று நினைத்தாள்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வது கேட்டது.