அனுப்பாத வரி

கணினியில் ஓடும் நிரலின் மெமரியை ஸ்நாப்ஷாட், அதாவது அந்த நொடியில் உள்ளபடி நகல், எடுக்கும்போது, அழித்தது, வேண்டாதது எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிவிட்டு மீதியைத்தான் எடுப்போம். குப்பையில்தானே விஷயமே இருக்கிறது என்று சண்டை போட்டு அதை மாற்றியவள் நான். சோதித்துப் பார்க்க, எதிர் மேசை இளம்பரிதியிடம் கேட்டு, அவன் சாட் செயலியை ஸ்நாப்ஷாட் எடுத்தேன். அவன் எனக்குத் தட்டி, அனுப்பாமல் அழித்த வரிகள் அப்படியே கிடந்தன. காலையிலிருந்து ஒன்பது.

முதல் வரி: "அக்கா, உங்க பின்னாடி சுவரோரமா நிக்கிறது யாரு?"

கடைசி வரி: "அக்கா, உங்க தோள்ல கை வச்சிருக்கறது யாரு?"

"பரிதி, ஏதாவது சொல்லணுமாடா?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா" என்று குனிந்துகொண்டான்.

என் திரையில் 'இளம்பரிதி எழுதுகிறார்' என்று வந்தது. வெகுநேரம் இருந்தது. பிறகு மறைந்தது.