ஏழே முக்கால் படகு

“எவன் போட்டான் இந்த மனுவை?” என்று படகில் எல்லோரும் எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தோம்.

ஆற்றைக் கடந்தால்தான் எங்களுக்கு நகரம். காலை ஏழே முக்கால் படகை விட்டால் அடுத்தது ஒன்பதுக்கு. ரெண்டு மாதமாக அது தினமும் நாலு நிமிடம் லேட். அதற்குத்தான் பெயர் போடாத மனு. இன்று படகுத்துறை இன்ஸ்பெக்டரே நோட்டும் கையுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஏற்கெனவே ரெண்டு புகார். இன்னைக்கும் லேட்டானா உன் வேலை போச்சு,” என்றார் படகோட்டியிடம்.

படகோட்டி தலையைச் சொறிந்தார்.

“நீதானே எழுதினே?” என்று தையல்கார அக்காவைக் கேட்டார் சலூன்காரர்.

“நான் எழுதுறதா இருந்தா முதல்ல உங்க கத்தரியைப் பத்தித்தான் எழுதுவேன். என் வீட்டுக்காரர் தலையைப் பாத்தீங்களா?”

இன்ஸ்பெக்டர் மனுவை உரக்கப் படித்தார். “‘நான் ஏறி உட்கார்ந்து, பேப்பரைப் பிரித்த பிறகுதான் ஐயா கயிற்றையே அவிழ்க்கிறார். இதென்ன இவர் மாமனார் வீட்டுப் படகா?’”

பேப்பர் வைத்திருந்த ஆறு பேரும் அதை மெல்ல மடித்து உள்ளே வைத்தோம்.

ஏழே முக்கால்.

“எடுய்யா.”

“கொஞ்சம் பொறுங்க சார். ஒருத்தர் வரணும்.”

“அண்ணே, இன்னைக்கு ஒரு நாளாவது எடுங்கண்ணே!” அக்கா பதறினாள். “பொழைப்புல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்காதீங்க!”

கரைப்படியில் ரிட்டையர்டு ஹெட்கிளார்க் இறங்கிக்கொண்டிருந்தார். குடையை ஊன்றி, ஒவ்வொரு படிக்கும் ரெண்டு காலையும் வைத்து. நடுவில் நின்று ஒரு மூச்சு.

“முட்டி வலி சார்,” என்றார் படகோட்டி தாழ்ந்த குரலில். “சம்சாரம் அக்கரை ஆஸ்பத்திரியில கிடக்கறாங்க. எட்டுலேருந்து ஒன்பது வரைக்கும்தான் பாக்க விடுவாங்க.”

“கொஞ்சம் முன்னாடியே கிளம்பி வரச் சொல்றதுதானே?”

“வலின்னு ஒத்துக்க மாட்டாரு. கேட்டா மனசு சங்கடப்படும்.”

ஹெட்கிளார்க் ஏறினார். உட்கார்ந்தார். பேப்பரைப் பிரித்தார். படகோட்டி கயிற்றை அவிழ்த்தார்.

“நாலு நிமிஷம்,” என்று குறித்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

“நல்லா எழுதிக்குங்க சார்!” ஹெட்கிளார்க் குடையால் பலகையைத் தட்டினார். “மனு போட்டதே நான்தான்! பாத்தீங்கல்ல, நான் வந்து உக்கார்ற வரைக்கும் இந்த ஆளு கயித்துல கையே வைக்க மாட்டான்!”



இன்ஸ்பெக்டர் படகோட்டியைப் பார்த்தார். படகோட்டி ஆற்றைப் பார்த்தார்.

நோட்டில், ‘தாமதத்துக்குப் பொறுப்பானவர்’ என்ற கட்டத்தில், இன்ஸ்பெக்டர் நிதானமாக எழுதினார்: ‘புகார்தாரர்.’