கரடி பார்க்க வந்தவர்

"கேப்டன், குளிர்காலத்துல இங்க கடலே உறைஞ்சு போகுமாமே! வீட்டுல கணப்பெல்லாம் ஒழுங்கா எரியுதா?"

முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் கேட்டார். படகு இன்னும் துறைமுகத்தைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் இது நாலாவது கேள்வி.

"எரியுதுங்க ஐயா. விறகு நிறைய வெட்டி அடுக்கிட்டோம்" என்றார் படகோட்டி ரியோஹே, சுக்கானிலிருந்து கையை எடுக்காமல். முப்பத்தைந்து வயதிருக்கும். உப்புக்காற்றில் கறுத்த முகம்.

பின் இருக்கையில் தொமொயே தன் தங்கையின் விலாவில் இடித்தாள். "நாம கரடி பார்க்க வந்தோமா, இவரோட விசாரணையைக் கேக்க வந்தோமா?"

"அதான் அக்கா, சப்போரோவுலயே இருந்திருக்கலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பீர், நண்டு, அந்த ராமென் கடைச் சந்து... எல்லாத்தையும் விட்டுட்டு என்னைக் கொண்டாந்து கடல்ல போட்டு ஆட்டுறே!" என்றாள் கிகுயே.

"அங்க தின்னது போதாதா உனக்கு?"

நகோயாவில் ஒரே தெருவில் குடியிருக்கும் அக்கா தங்கை. ஹொக்கைடோ தீவுக்குப் போகவேண்டும் என்று வருடக்கணக்காகப் பேசிப் பேசி இந்த இலையுதிர் காலத்தில்தான் கிளம்பியிருந்தார்கள். சப்போரோ நகரம் தங்கைக்காக. ஷிரெடோக்கோ கரையில் கரடி பார்க்காமல் ஊர் திரும்பமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றது அக்கா.

பாறைச் சுவர் ஒன்று கடலிலிருந்து நேராக எழுந்து நின்றது. அதன் உச்சியிலிருந்து ஓர் அருவி அப்படியே அலைக்குள் விழுந்துகொண்டிருந்தது. முணுமுணுத்துக்கொண்டிருந்த கிகுயேகூட வாயைப் பிளந்தாள்.

"மூணு வேளையும் சாப்பிடுறீங்களா கேப்டன்? இளைச்ச மாதிரி தெரியுதே" என்றார் பெரியவர்.

"நல்லா சாப்பிடுறேங்க."

"கழுத்துல ஒரு துண்டாவது சுத்திக்கக் கூடாதா? காத்து என்னமா அடிக்குது!"

ரியோஹே மறுபேச்சில்லாமல் துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டார். இப்படி ஒரு பொறுமைசாலியா என்று தொமொயேவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சற்று தூரம் போனதும் அவர் எஞ்சினை நிறுத்தினார். "சத்தம் போடாதீங்க. வலது பக்கம், ஆறு வந்து சேர்ற இடத்துல பாருங்க."

ஒரு தாய்க் கரடி. பின்னாலேயே இரண்டு குட்டிகள். தாய் தண்ணீரில் முகத்தை அமுக்கி, துள்ளுகிற சால்மன் மீனோடு நிமிர்ந்தது. குட்டிகள் அதற்குள் சண்டை போட்டுக்கொண்டன.

"ஐயோ அக்கா, அந்தச் சின்னது வழுக்கி விழுந்துடுச்சு!" என்று கிகுயே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தொமொயேவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காக இன்னும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வரலாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள் பெரியவரைப் பார்த்தாள். அவருடைய தொலைநோக்கி சுக்கான் பக்கம் திரும்பியிருந்தது.

"ஐயா, கரடி இந்தப் பக்கம்!"

"பார்த்துட்டேம்மா, பார்த்துட்டேன்" என்று தடுமாறியவர், மறு நிமிடமே, "கேப்டன், இந்த எஞ்சினைக் கடைசியா எப்போ பழுது பார்த்தீங்க?" என்றார்.

தொமொயேவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அவரை நிம்மதியா படகை ஓட்ட விடுங்களேன்! நாங்களும் டிக்கெட் வாங்கித்தான் ஏறியிருக்கோம்."

பெரியவர் சட்டென்று சுருங்கிப்போனார். திரும்பும் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று தொமொயேவுக்கு உறுத்தியது. துறைமுகம் கண்ணில் பட்டபோது ரியோஹேதான் பேசினார். "எஞ்சினைப் போன மாசம்தான் முழுசாப் பிரிச்சுப் பார்த்தோம் ஐயா. கவலையே வேண்டாம்."

பெரியவரின் முகம் மலர்ந்தது.

கரையில் இறங்கியதும் அவர் குனிந்து வணங்கினார். ரியோஹே அவரைவிடத் தாழக் குனிந்தார். பெரியவர் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். அப்போதுதான் முன் இருக்கையில் ஒரு துணிமூட்டை கிடப்பதைத் தொமொயே கவனித்தாள்.

"ஐயா! மூட்டையை விட்டுட்டுப்..."

"கூப்பிடாதீங்கம்மா" என்று ரியோஹே தடுத்தார். "மறந்துட்டுப் போகல. ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் வெச்சுட்டுப் போவார்."

முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பிளம்ஸ் ஊறுகாய் ஜாடி ஒன்று. கூடவே, கைக்குழந்தைக்குப் போடுகிற அளவில் கையால் பின்னிய குட்டிக் கம்பளித் தொப்பி.

"வருஷா வருஷம் வந்து இப்படித் துளைச்செடுக்கிறாரா? எப்படித்தான் பொறுத்துக்கறீங்களோ!" என்றாள் தொமொயே.

ரியோஹே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "கியோட்டோவுல இருந்த எங்க குடும்பக் கடையை வேண்டாம்னுட்டு இந்தத் தீவுக்கு வந்தேன். 'உன் வீட்டு வாசப்படியை மிதிக்கவே மாட்டேன்'னு எங்க அப்பா சத்தியம் பண்ணிட்டார். நல்லவேளை, படகைப் பத்தி அன்னைக்கு ஒண்ணும் சொல்லல!"