சைபருக்குத் தனிக் கணக்கு

டாக்டர் அந்தப் பெண்ணின் கண்ணில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். கருவிழி ஓரத்தில் பழுப்பாக ஒரு மெல்லிய வளையம்.

மனுஷருக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். இருபத்திரண்டு வருஷ ஈரல் வைத்தியத்தில் இதை அவர் கண்டுபிடிப்பது நான்காவது தடவை.

உடம்பில் செம்பு சேர்ந்து ஈரலையும் நரம்பையும் அரிக்கிற பரம்பரை வியாதி; அந்த வளையம்தான் அதற்கு அடையாளம். நேரத்தோடு பிடித்தால் மாத்திரையிலேயே காலம் தள்ளிவிடலாம். கோட்டை விட்டால் ஆள் காலி.

வயசு பத்தொன்பது. கண்ணில் மஞ்சள், விரலில் நடுக்கம். பெண்பிள்ளை என்பதால் வழக்கமான கேள்வியை அவர் கேட்கவில்லை.

ஆம்பளை யார் வந்தாலும் முதலில் அதுதான். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பே? வந்தவன் சொல்லும் அளவை இரண்டால் பெருக்கித்தான் எழுதுவார். அவரிடம் பயிலும் டாக்டர்கள் வைத்த பட்டப்பெயர் 'ரெண்டு மடங்கு'. அதில் அவருக்குப் பெருமைதான்.

சைபரை இரண்டால் பெருக்கினாலும் சைபர்தானே. அதனால் தொட்டதே இல்லை என்பவனுக்கு மட்டும் அவராகவே ஒரு அளவைப் போட்டுக்கொள்வார். யாருக்குக் காது குத்தப் பார்க்கிறான் என்று நர்ஸிடம் சொல்லிச் சிரிப்பார்.

மகள் பிழைத்துக்கொள்வாள் என்று அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள். டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, இந்த வியாதிக்கென்று மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கலாம்மா. யாராவது இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க."

"ஒருத்தன்தான் டாக்டர், இவளுக்கு மூத்தவன். குடிச்சே போய்ச் சேர்ந்தான், மூணு வருஷமாச்சு. தொட்டதே இல்லைம்மான்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினான், பாவி. நம்பத்தான் இருந்தேன். உங்ககிட்ட கூட்டிட்டு வந்தப்போ, அவன் கை நடுங்குறதைக் காட்டி, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு நீங்கதானே கேட்டீங்க? அப்புறம் நான் அவனை வீட்டுக்குள்ளயே விடலை."

பேனா நின்றது. எவ்வளவு யோசித்தும் அந்தப் பையனின் முகம் அவருக்கு நினைவு வரவில்லை. கண் மட்டும் எப்படி வரும்? அதைத்தான் அவர் பார்க்கவே இல்லையே.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் பொய்யைப் பிடித்த மனுஷருக்கு அது நெஞ்சிலேயே சிக்கிக்கொண்டது. சீட்டைக் கிழித்து நீட்டினார்.

இவளையாவது காப்பாற்றிக் கொடுத்தீர்களே என்று வாய் நிறைய நன்றி சொல்லி, அம்மா எழுந்தாள்.

மகள் எழுந்திருக்கவில்லை. மேஜைமேல் அவர் அணைக்காமல் வைத்திருந்த டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.