வெறும் தங்கூசி

முடிச்சு மறுபடியும் அவிழ்ந்தது.

தவமலர் தூண்டில் நூலை, அந்தத் தங்கூசியின் நுனியை நாக்கில் நனைத்து, திரும்பவும் தகட்டின் வளையத்துக்குள் விட்டாள்.

சிவப்பும் வெள்ளையுமான தகடு. பிடி உடைந்த கரண்டி மாதிரி இருந்தது. இதைப் பார்த்து ஏமாறுகிற மீனும் உலகத்தில் இருக்கிறதா!

பக்கத்தில், மரப்பாலத்தின் ஓரத்தில், சக்கரக் கதிரையில் அவளுடைய கணவர் பரராஜசிங்கம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரியில் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. கை இப்போது கொஞ்சம் அசைகிறது. பேச்சு வரவில்லை. பயிற்சி கொடுக்கிற பெண் வாராவாரம் வந்து படங்கள் காட்டினாள். பூனை, கோப்பை, கதிரை. அவர் பூனையையும் பார்த்தார், அந்தப் பெண்ணையும் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

ஒரு சொல் வந்தால் போதும், மற்றவை பின்னால் வரும் என்று அந்தப் பெண் சொன்னாள்.

அந்த ஒரு சொல்தான் வரமாட்டேன் என்கிறது.

எப்பேர்ப்பட்ட வாய் அது! தேத்தண்ணி ஆறினால் ஏச்சு. கார்க் கதவை அடித்துச் சாத்தினால் ஏச்சு. தூண்டில் பெட்டியைத் தூசி தட்டி வைத்தால் அதற்கும் ஏச்சு. இந்த மனிசன் ஒருநாளாவது சும்மா இருக்கமாட்டாரா என்று தவமலர் நல்லூரானைக் கும்பிட்டு முறையிட்டதும் உண்டு. அவள் கேட்டது எதையும் காதில் வாங்காத நல்லூரான், இதை மட்டும் வாங்கிவிட்டான்.

இப்போது அந்த ஏச்சுக்கு அவள் ஏங்கினாள்.

அதனால்தான் இங்கே கூட்டிவந்தாள். பைக் என்கிற ஏரி மீன் என்றால் அவருக்கு உயிர். கோடை வந்தால் இந்த ஏரிதான் அவருக்குக் கோயில். அவளுக்கு அந்த மீனைக் குசினியில்தான் பழக்கம். தலையை இங்கேயே வெட்டி எறிந்துவிட்டுத்தான் அவர் கொண்டுவருவார்.

வந்ததுமே தூண்டில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். தகடுகள். இறப்பர்த் தவளை. இரண்டு பக்கமும் கொளுக்கி வைத்த, ஒரு சாண் நீளக் கம்பித் துண்டுகள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பி ஏதோ பழுது பார்க்கிற சாமானாக்கும் என்று அதை ஓரமாக வைத்தாள். சேலைக் கடையில் எடுப்பது போல, எடுப்பான நிறத்தில் இந்தச் சிவப்பு வெள்ளைத் தகட்டை எடுத்தாள்.

இந்த முறை முடிச்சு நின்றது.

வீசி எறிய அவளுக்குத் தெரியாது. பாசி அடர்ந்த இடத்தில் மெல்ல இறக்கினாள். ரீலைச் சுற்றினாள். மறுபடி இறக்கினாள்.

தூண்டில் தடி வில்லாக வளைந்தது.

"இஞ்சாருங்கோ!"

தண்ணீர் பிளந்தது. பச்சையாக, அவளுடைய கை நீளத்துக்கு ஒன்று புரண்டது. காலை அகட்டிக்கொண்டு இழுத்தாள். அவரும் கதிரையில் முன்னால் சரிந்துவிட்டார்.

பிறகு தடி லேசானது. அவள் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

தங்கூசி மட்டும் திரும்பி வந்தது. முடிச்சு அவிழவில்லை. கத்தியால் நறுக்கினது போல நுனி அறுந்திருந்தது.

அவர் முகம் சிவந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கையால் கதிரையை ஓங்கி அடித்தார்.

"விசரி!"

ஏரி முழுக்கக் கேட்டிருக்கும்.

தவமலர் அசையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்ட ஏச்சுச் சொல். இவ்வளவு இனிமையாக ஒருநாளும் கேட்டதில்லை. கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

அவருக்குக் கோபம் அடங்கவில்லை. இடது விரலால் தன் பல்லைத் தட்டிக் காட்டினார். பிறகு பெட்டியைக் காட்டினார். அவள் ஓரமாக வைத்த கம்பியைக் காட்டினார்.

அவளுக்கு விளங்கியது. அந்த மீனுக்குப் பல். தங்கூசியைக் கடித்து அறுத்துவிடும். தகட்டுக்கும் தங்கூசிக்கும் நடுவில் கம்பியைக் கொளுவினால் கடிக்க ஏலாது.

அடுத்த சொல்லுக்காக அவருடைய உதடு துடித்தது. வரவில்லை. முகம் மெல்ல மெல்லப் பழையபடி ஏரிப் பக்கம் திரும்பத் தொடங்கியது.

தவமலர் அவசரமாகப் பெட்டிக்குள் கை விட்டாள். அங்கே இருந்ததில் அழகான தகட்டை, அவர் ஆரையும் தொட விடாத அந்தப் பித்தளைத் தகட்டை எடுத்தாள்.

அவருடைய மடிக்கு நேரே பிடித்துக்கொண்டு, கம்பியைத் தொடாமல், வெறும் தங்கூசியில் கட்டினாள்.

அவர் பார்த்தார்.

வாய் கோணியது. உதடு கூடியது.

அவள் தகட்டைத் தண்ணீரில் இறக்காமல் காத்திருந்தாள்.