கனமில்லாத மெஷின்

"பதினைஞ்சு வரியமா மீன் பிடிக்க ஏரி ஐஸைக் கையாலை துளைச்சியள். இப்பவாவது மெஷின் வாங்க மனம் வந்ததே!"

நோர்வேயின் ஸ்டோவ்னரில் இருந்த மீன்பிடிச் சாமான் கடையில் பவளராணிக்கு ஒரே சந்தோசம். கணவர் குணநாயகம் மெதுவாகச் சிரித்தார். 2007 ஒக்டோபர். ஏரி உறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"இதை எடுங்கோ. ரெண்டு பேர் பிடிக்கிற மெஷின். நானும் ஒரு பக்கம் பிடிப்பன்."

"வேண்டாம். ஒராள் பிடிக்கிறதாப் பார்."

இருந்தவற்றில் மிகச் சிறியதை எடுத்து அவளிடம் நீட்டினார். "தூக்கிப் பார். கனமே?"

"நான் ஏன் தூக்க? மீன் பிடிக்கப் போறது நீங்கள்."

"கயித்தை இழு. தனிய ஸ்டார்ட் பண்ண ஏலுமோ?"

அவள் இழுத்துப் பார்த்தாள். "ஏலும். ஆனால் துளை சின்னனா வரும். பெரிய மீன் வந்தால்?"

"உன்ரை கை உள்ளுக்குப் போனால் போதும்."

"என்ன விசர்க் கதை இது?"

குணநாயகம் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்தார். அவர் இறந்தபின் அவருடைய சாம்பலை அவர் மீன் பிடிக்கும் ஏரியில் கரைக்க அரசாங்கம் கொடுத்த அனுமதி.

பவளராணி கயிற்றை விட்டுவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"தை மாசம் தாண்டாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அப்ப ஏரி உறைஞ்சு கிடக்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சாம்பல் கரைக்கோணும்; அது ஐஸ் உருகும் மட்டும் காத்திருக்காது. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. நீ தனியத்தான் துளைக்கோணும், ராணி."