பெரியவரின் அவசரம்

"இன்னும் எத்தனை நாள்தான் இழுக்கும்?" தினமும் போல அன்றும் பெரியவர், வீடு கட்டும் பெண் இன்ஜினியரிடம் எகிறினார்.

"ஜன்னலுக்குப் பெயின்ட் அடிச்சா முடிஞ்சுது. கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மாடியேறினாள்.

வாசலில் நின்ற எதிர்வீட்டு அம்மாள் சிரித்தார். "ஆசை ஆசையாக் கட்டுற சொந்த வீடு. அவசரம் இருக்கத்தானே செய்யும்!"

"எனக்கு ஏதும்மா சொந்த வீடு? நான் இருக்கிறது வாடகை வீட்டுல. இந்த வீட்டுக்காரங்க அடுத்த மாசம்தான் குடி வர்றாங்க."

"அப்புறம் நீங்க ஏன் கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

பெரியவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"பொம்பளப் பிள்ளைக்குக் கட்டட வேலை எதுக்குன்னு கேட்ட சொந்தக்காரங்க அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்து காட்டணும்மா. இது என் பொண்ணு தனியா நின்னு கட்டுற முதல் வீடு!"